கீமோ மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்கு பி காம்ப்ளக்ஸ் கொடுக்கலாமா?

அரசலாற்றங்கரை
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். அப்பாவுக்கு 63 வயது. பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்து ஆடி மாதம் அறுவை சிகிச்சை முடிந்தது. இப்போது கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை ஓடுகிறது. 14 நாள் சாப்பிட வேண்டும், 7 நாள் விட வேண்டும். முதல் சுற்றை நன்றாகத் தாங்கிக்கொண்டார்.

அப்புறம் பார்க்க வந்த மாமா, "உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்ல, அதை ஏத்துனாத்தான் நோயை விரட்டும்" என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் நாலு அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். கீமோ நடக்கிறது என்று சொல்லித்தான் கேட்டாராம். "சத்து மாத்திரைதானே, தாராளமா கொடுங்க" என்றார்களாம். நாங்களும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று கொடுத்தோம்.

இரண்டாவது சுற்றில் பத்தாம் நாள் உள்ளங்கை இரண்டும் சிவந்துபோனது. இப்போது தோல் உரிகிறது. சோற்றைப் பிசைய முடியவில்லை, ஸ்பூனில் சாப்பிடுகிறார். நேற்று மட்டும் ஆறு தடவை வயிற்றோட்டம். டாக்டரைப் பார்க்க வியாழக்கிழமைதான் முறை. இன்று அந்த அட்டையைத் திருப்பிப் படித்தேன். வரிசையாக ஏழெட்டு பி வைட்டமின் போட்டு, ஃபோலிக் அமிலம் 1.5 மி.கி. என்று இருக்கிறது. இது எதிர்ப்புச் சக்தியை ஏற்றுமா, புற்றுநோய்க்குத் தீனி போடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹரித்ராநதி
தங்கச்சி, மன்னார்குடியில் 34 வருஷம் மருந்துக்கடை கவுண்டரில் நின்றவன் நான். முதலில் ஒன்று செய்யுங்கள். வியாழன் வரை காத்திருக்காதீர்கள். டாக்டர் இல்லாவிட்டாலும் புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ் யாராவது போனை எடுப்பார்கள், இப்போதே பேசுங்கள். கேப்சிடபின் சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளில் ஆறு தடவை வயிற்றோட்டம் என்றால் அதுவே அவசரம். அடுத்த வேளை மாத்திரை கொடுக்கலாமா, நிறுத்தணுமா என்பதை அவர்கள் சொல்லட்டும். அந்த பி காம்ப்ளக்ஸை மட்டும் இன்றோடு நிறுத்தி, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். காட்ட வேண்டியிருக்கும்.

காரணத்தை இரவு உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் போன்.

அரசலாற்றங்கரை
பேசிவிட்டேன் ஐயா. இன்று இரவு மாத்திரை வேண்டாம், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள், நாளைக் காலை கூட்டி வாருங்கள் என்றார்கள். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அவர்களும் கேட்டார்கள். அட்டையில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். ஃபோலிக் அமிலம் என்றதும் ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லி, அளவை மறுபடி கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

ஹரித்ராநதி
நல்லது. இப்போது காரணம்.

செல் பெருக வேண்டுமானால் தன் டி.என்.ஏ.வை நகல் எடுக்க வேண்டும். அந்த நகலுக்கு நாலு எழுத்து வேண்டும், அதில் ஒன்று தைமின். தைமினைச் செய்ய ஃபோலேட் வேண்டும். ஃபோலேட் என்பது பி9. கீரையில் இருப்பது ஃபோலேட், மாத்திரையில் வருவது ஃபோலிக் அமிலம், உடம்புக்குள் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

கேப்சிடபின் உடம்புக்குள் போய் 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தாக மாறுகிறது. அது தைமின் செய்யும் நொதியைப் பிடித்து நிறுத்திவிடும். ஆனால் அந்தப் பிடி இறுகுவதற்கு ஒரு துணை வேண்டும். அந்தத் துணைதான் ஃபோலேட். உடம்பில் ஃபோலேட் கூடினால் பிடி இன்னும் இறுகும். மருந்துக்குப் பலம் கூடும், அதோடு பக்கவிளைவும் கூடும். மருந்து புற்றுநோய்ச் செல்லை மட்டும் பார்த்துப் பிடிப்பதில்லை. குடல் உள்தோல், கைத்தோல், எலும்பு மஜ்ஜை என்று வேகமாகப் பெருகும் எல்லாம் அடிவாங்கும். அதனால்தான் வயிற்றோட்டம், அதனால்தான் உள்ளங்கை.

ஊசியாக 5-ஃப்ளூரோயுராசில் போடும்போது டாக்டர்களே லூகோவோரின் என்று ஃபோலேட்டின் ஒரு வகையைச் சேர்த்து ஏற்றுகிறார்கள், மருந்து நன்றாகப் பிடிக்கட்டும் என்று. ஆனால் அங்கே இரண்டின் அளவையும் கணக்குப் பார்த்து முடிவு செய்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கணக்குக்கு வெளியே தினம் 3 மி.கி. போயிருக்கிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கேப்சிடபின் தனியாகவே இந்தக் கை கால் தோல் உரிதலைக் கொண்டுவரும், பலருக்கு வருகிறது. சத்து மாத்திரைதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் மாமாவை நொந்துகொள்ளாதீர்கள். கீமோ என்று கேட்ட பிறகும் மேலே எதுவும் விசாரிக்காமல் அட்டையை எடுத்துக் கொடுத்தார்களே, அதுதான் என் தொழில்காரனாக எனக்கு வலிக்கிறது.

வெட்டாறு
ஐயா சொன்னது எனக்கு வயலில் வைத்துப் புரிகிறது. பயிர் வெளிறினால் யூரியா போடுகிறோம், நாலு நாளில் பச்சை ஏறும். அந்தப் பச்சையைப் பார்த்து ஆசைப்பட்டு இன்னொரு கை கூடுதலாக வீசினால் புகையான் வரும், இலைச்சுருட்டு வரும், குலைநோய் வரும், கதிர் முற்றும் நேரத்தில் பயிர் சாய்ந்துவிடும். களைக்கும் அதே யூரியாதான் தீனி. பயிரின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, தேவை இருந்தால் மட்டும் போடு என்று வேளாண்மைத் துறையில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் பத்து வருஷமாக அப்படித்தான் செய்கிறேன்.

என் கேள்வி இதுதான். வைட்டமினுக்கும் அப்படி ஒரு அட்டை உண்டா? குறைவா நிறைவா என்று பார்க்காமலே எல்லோரும் வாங்கிப் போடுகிறோமே?

கமலாலயம்
உண்டு அண்ணே. நான் திருவாரூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு அந்த அட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருக்கிறது.

நியூட்ரோஃபில் என்று ஒரு வெள்ளணு. கிருமி உள்ளே வந்தால் முதலில் ஓடிப்போய் விழுங்குவது இதுதான். சாயம் போட்டுப் பார்த்தால் அதன் உட்கரு மூன்று அல்லது நாலு இதழாகப் பிரிந்து ஊதா நிறத்தில் தெரியும். பி12 அல்லது ஃபோலேட் இல்லாதவருக்கு அதே அணு பெரிதாக, ஆறு ஏழு இதழோடு வரும். டி.என்.ஏ. சரியாக நகலாகாமல், செல் நேரத்தில் பிரியாமல் மஜ்ஜையில் திணறியதன் அடையாளம் அது. பக்கத்தில் சிவப்பணுக்களும் ஊதிப்போய் முட்டை வடிவில் கிடக்கும். எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன், சாதாரணமாக 80இலிருந்து 100க்குள் இருக்கும், இவர்களுக்கு 110, 115 என்று வரும். முற்றினால் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றும் குறைந்துபோகும். போன வாரம்கூட ஒரு ஸ்லைடு பார்த்துவிட்டு லுகேமியாவாக, அதாவது ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்து மேலே அனுப்பினேன். பி12 குறைவுதான். ஊசி போட்டதும் பத்து நாளில் ரத்தம் மாற ஆரம்பித்துவிட்டது.

எதிர்ப்புச் சக்தி என்று பொதுவாகச் சொல்கிறோம். அது உண்மையில் செல் பெருக்கம். ஒரு கிருமியை அடையாளம் கண்ட லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளணு சில நாளில் ஆயிரக்கணக்கில் பெருக வேண்டும். ஒவ்வொரு தடவை பிரியும்போதும் முழு டி.என்.ஏ.வும் நகலாக வேண்டும். அதற்கு பி9, பி12 இரண்டும் கட்டாயம். பி6 இல்லாவிட்டாலும் லிம்ஃபோசைட் சுணங்கும். 1991இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான வயதானவர்கள் எட்டுப் பேருக்கு பி6 இல்லாத உணவு கொடுத்துப் பார்த்தார்கள். லிம்ஃபோசைட் எண்ணிக்கையும் குறைந்தது, அவை ஒன்றையொன்று கூப்பிடும் இன்டர்லூகின்-2 என்ற சமிக்ஞையும் குறைந்தது. பி6ஐத் திரும்பக் கொடுத்ததும் சரியானது.

பி2 விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பால் பி2 செய்ய முடியாது, பல பாக்டீரியாவால் முடியும். அவை பி2 செய்யும்போது சிதறும் துண்டுகளை மோப்பம் பிடிக்கவே நம் உடம்பில் மெய்ட் செல் என்று ஒரு காவல் படை இருக்கிறது. நுரையீரல், குடல், கல்லீரல் எல்லாவற்றிலும் உண்டு. வைட்டமின் தயாராகும் வாடை வந்தால் வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று அதற்குத் தெரியும். இதை 2012இல்தான் கண்டுபிடித்தார்கள்.

சரி, அரசலாற்றங்கரை அக்கா, அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா?

அரசலாற்றங்கரை
ஆமாம் தங்கச்சி. ஒன்பது வருஷமாக மெட்ஃபார்மின். ஏன் கேட்கிறீர்கள்?

கமலாலயம்
வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிட்டால் குடலில் பி12 உறிஞ்சுவது குறையும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் தொடர்ந்து சாப்பிட்டால் இன்னும் குறையும். நாளைக்குப் போகும்போது பி12 பார்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ரத்தம் கொடுக்கும் வரை பி12 ஊசியோ மாத்திரையோ போட வேண்டாம். போட்டுவிட்டுப் பார்த்தால் எண் ஏறிக் காட்டும், உண்மை நிலை தெரியாது.

கீழவீதி
மன்னிக்கணும், எல்லோரும் மாத்திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். ரேஷன் அரிசியில் ஃபோலிக் அமிலமும் பி12ம் கலந்து கொடுத்தார்களே, அதை யாரும் கேட்கவில்லையே? நெல் விளைகிற தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு மாவு பிசைந்து செய்த அரிசியைச் சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் களையும்போது மிதந்த அரிசியைப் பொறுக்கி எறிந்தோம். பிளாஸ்டிக் என்று தெருவே சொல்கிறது. கீமோ நடக்கிற வீட்டில் அந்த அரிசியைச் சமைக்கலாமா?

வெட்டாறு
பிளாஸ்டிக் இல்லை சார். அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் கலந்து, மிஷினில் திரும்ப அரிசி வடிவில் பிழிந்து எடுக்கிறார்கள். நூறு அரிசிக்கு ஒன்று என்று கலந்தார்கள். பிழிந்து செய்ததால் நிறமும் எடையும் கொஞ்சம் மாறும், சிலது மிதக்கும். எங்கள் ஊர் அரவை மில்லில் கலப்பதை நேரில் நின்று பார்த்திருக்கிறேன். மாவு வாசனைதான் வரும்.

ஹரித்ராநதி
கீழவீதி சார் கேட்டது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

விதிப்படி ஒரு கிலோ செறிவூட்டிய அரிசியில் ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், பி12 முக்கால் முதல் ஒன்றேகால் மைக்ரோகிராம். ஒருவர் தினம் 300 கிராம் அரிசி சாப்பிட்டால் ஃபோலிக் அமிலம் அதிகபட்சம் 38 மைக்ரோகிராம் போகும். மருந்துக்கடையில் சர்வசாதாரணமாக விற்கும் ஃபோலிக் அமில மாத்திரை 5 மி.கி., அதாவது 5,000 மைக்ரோகிராம். ஒரே ஒரு மாத்திரையில் இருப்பதை அரிசியில் சாப்பிட வேண்டுமானால் 40 கிலோ வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடை போட்டுத் தைக்கும் மூட்டை எவ்வளவு? அதே 40 கிலோ. அந்த மூட்டையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும்.

அதனால் பயப்பட வேண்டியது அரிசியைப் பார்த்து அல்ல. அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை அரிசியைவிட எளிதாகக் கைக்குக் கிடைக்கிறது, சீட்டு இல்லாமலே கொடுத்துவிடுகிறார்கள். கீமோ நடப்பவர்கள் ரேஷன் அரிசி சாப்பிடுவதையும் டாக்டரிடம் சொல்லட்டும், ஒன்றும் கெட்டுப்போகாது.

கீழவீதி
40 கிலோ என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு அளவு தெரிகிறது. எங்கள் வீட்டில் மருமகள் கர்ப்பமாக இருந்தபோது அந்த 5 மி.கி. மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்தோம்.

ஹரித்ராநதி
டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் அது வேறு சார், அதில் தப்பில்லை. கருத்தரிக்கும் முன்பும் முதல் மூன்று மாதமும் ஃபோலிக் அமிலம் கட்டாயம் வேண்டும், பிள்ளையின் முதுகுத்தண்டு சரியாக மூடிக்கொள்ள. சாதாரணமாக 400 மைக்ரோகிராம் போதும். முந்தைய பிள்ளைக்கு அந்தக் குறை இருந்திருந்தால் 4, 5 மி.கி. வரை எழுதுவார்கள். கர்ப்பிணிகள் யாரும் இந்த இழையைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

தலைஞாயிறு
இந்த ஃபோலிக் அமிலக் கதைக்குள் நம் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார், அவரைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. எல்லப்பிரகட சுப்பாராவ். 1895இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்திக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனதால் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கொடுத்தார்கள். அமெரிக்காவுக்குப் போய் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு 1940களின் நடுவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது.

அதற்கு முன்னாலும் ஒரு இந்தியக் கதை உண்டு. லண்டனிலிருந்து லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் 1928இல் பம்பாய் வந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த சோகையைப் பார்த்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாகிறது என்று 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலேட் ஆனது. கீரையிலிருந்து பிரித்ததால் லத்தீனில் இலை என்று பொருள்படும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். சோகைக்கு நல்லது, இதற்கும் நல்லதாக இருக்கும் என்ற எண்ணம். நோய் வேகமெடுத்தது போலத் தெரிந்தது. அப்படியானால் ஃபோலேட்டைத் தடுத்தால் என்ன என்று யோசித்தார். சுப்பாராவ் குழு செய்த அமினோப்டெரின் அங்கே போனது. அது ஃபோலேட் போலவே இருக்கும், ஆனால் வேலை செய்யாது, வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். 1948இல் 16 பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாக இறங்கியது. அதுவரை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒன்றுமே இருந்ததில்லை. அதன் தம்பிதான் இன்று எல்லா இடத்திலும் இருக்கும் மெதோட்ரெக்சேட். சுப்பாராவ் அதே 1948இல் காலமாகிவிட்டார்.

என் அக்கா மகனுக்கு லுகேமியா, மெதோட்ரெக்சேட் ஓடுகிறது. அதனால்தான் இவ்வளவு தேடிப் படித்தேன். அவனுக்கு என் அம்மா தினம் முருங்கைக்கீரை செய்து ஊட்டுகிறார். அதை நிறுத்தச் சொல்லலாமா ஐயா?

ஹரித்ராநதி
நிறுத்த வேண்டாம் தம்பி. வீட்டுச் சாப்பாட்டு அளவில் கீரையால் கெடுதல் வராது, பிள்ளைக்குச் சாப்பாடு இறங்குவதே பெரிய விஷயம். பார்க்க வேண்டியது மாத்திரையும் டானிக்கும். சாக்லேட் வாசனையோடு வருகிற சத்துப் பவுடர் டப்பாவிலும் ஃபோலிக் அமிலம் இருக்கும், லேபிளைப் படியுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். லுகேமியாவுக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட்டை ஃபோலிக் அமிலம் மழுங்கடித்துவிடும். அரசலாற்றங்கரையின் அப்பாவுக்கு மருந்தைக் கூர்மையாக்கிய அதே வைட்டமின் இங்கே நேர் எதிர் வேலை செய்கிறது. அதிகமான மெதோட்ரெக்சேட் ஏற்றிய பிறகு மணி பார்த்து லூகோவோரின் கொடுத்து நல்ல செல்லைக் காப்பாற்றுவார்கள். அந்த நேரமும் அளவும் டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும்.

பூம்புகார் பொண்ணு
ஐயோ, இதைப் படித்துவிட்டு எனக்குக் கை நடுங்குகிறது. அம்மாவுக்கு முடக்குவாதம். மெதோட்ரெக்சேட் சாப்பிடுகிறார், கூடவே டாக்டர் ஃபோலிக் அமிலம் 5 மி.கி. எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்றால் ஏன் எழுத வேண்டும்? நாளையிலிருந்து ஃபோலிக் அமிலத்தை நிறுத்திவிடவா?

ஹரித்ராநதி
நிறுத்தக் கூடாது அம்மா, நிறுத்தவே கூடாது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் ரொம்பக் குறைந்த அளவு, வாரம் ஒரே ஒரு நாள். அந்த அளவில் மூட்டு வீக்கத்தைக் குறைக்கும் வேலையை ஃபோலிக் அமிலம் கெடுப்பதில்லை. வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் தொந்தரவு வராமல் காப்பாற்றும். பொதுவாக மெதோட்ரெக்சேட் சாப்பிடாத வேறு நாளில் எழுதுவார்கள். சீட்டில் எந்தக் கிழமை என்று இருக்கும், அதன்படியே கொடுங்கள்.

நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது வேறு. வாரம் ஒரு முறை என்பது தவறிப்போய்த் தினம் ஒன்று ஆகிவிட்டால் உயிருக்கே ஆபத்து. என் அனுபவத்தில் இரண்டு வீட்டில் அப்படி நடந்து, ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அம்மாவின் காலண்டரில் அந்தக் கிழமையைச் சிவப்பில் வட்டம் போட்டு வையுங்கள்.

பூம்புகார் பொண்ணு
இப்போதுதான் மூச்சு வந்தது ஐயா. அம்மாவுக்கு ஞாயிறு மெதோட்ரெக்சேட், புதன் ஃபோலிக் அமிலம். வட்டம் போட்டாயிற்று.

ஒரத்தநாடு
எனக்கு 29 வயது, ஒரு நோயும் இல்லை. ஜிம்முக்குப் போகிறேன். மெத்தில்கோபாலமின் என்ற பி12 1500 மைக்ரோகிராமும் பி6ம் சேர்ந்த மாத்திரை ஒரு வருஷமாகச் சாப்பிடுகிறேன். பி வைட்டமின் தண்ணீரில் கரைவது, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும், அதனால் ஆபத்தே இல்லை என்று மாஸ்டர் சொன்னார். புற்றுநோய் வராமல் தடுக்கவாவது உதவும் இல்லையா? சிகரெட் உண்டு, ஒரு நாளைக்கு நாலைந்து.

கமலாலயம்
தம்பி, சிறுநீர் மஞ்சளாகப் போவது பி2வின் நிறம். அதை வைத்து எல்லாம் வெளியே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பி6 அதிகமாக, நாள்பட எடுத்தால் நரம்பையே கெடுக்கும், கால் மரத்துப்போகும். நரம்புக்கு நல்லது என்று வாங்கிச் சாப்பிட்டு அப்படி ஆனவர்கள் உண்டு.

வராமல் தடுக்குமா என்பதற்கு நிறையவே பார்த்துவிட்டார்கள். பெருங்குடலில் கட்டி எடுத்த 1,021 பேரை வைத்துச் செய்த சோதனையில் பாதிப் பேருக்குத் தினம் 1 மி.கி. ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். புதுக் கட்டி வருவது குறையவில்லை. முற்றிய கட்டி கூடுதலாக வந்ததுபோலத் தெரிந்தது. 2007இல் வெளியானது. நார்வேயில் இதய நோயாளிகள் 6,837 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஃபோலிக் அமிலமும் பி12ம் எடுத்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் புற்றுநோய், எடுக்காதவர்களில் 8.4. கூடியதில் பெரும்பங்கு நுரையீரல். அப்புறம் 13 சோதனைகளை, கிட்டத்தட்ட 50,000 பேரை ஒன்றாகச் சேர்த்து 2013இல் பார்த்தபோது, முதல் ஐந்து வருஷத்தில் ஃபோலிக் அமிலத்தால் புற்றுநோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று வந்தது. எனக்கு இந்தக் கடைசி முடிவுதான் எடை உள்ளதாகப் படுகிறது. பயந்து ஓடவும் தேவையில்லை, காப்பாற்றும் என்று நம்பவும் இடமில்லை.

ஆனால் உங்களுக்கு நேராகப் பொருந்துவது இன்னொன்று. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 77,000 பேருக்கு மேல் கவனித்த ஆய்வு, 2017. பத்து வருஷமாகத் தினம் 20 மி.கி.க்கு மேல் பி6, அல்லது 55 மைக்ரோகிராமுக்கு மேல் பி12 தனி மாத்திரையாக எடுத்த ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கிட்டத்தட்ட இரு மடங்கு. சிகரெட் பிடித்தவர்களுக்கு அதற்கும் மேலே. பெண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. மாத்திரைதான் காரணம் என்று இந்த வகை ஆய்வு நிரூபிக்காது. ஆனாலும் 55 எங்கே, நீங்கள் சாப்பிடும் 1500 எங்கே? எந்தக் குறையும் பார்க்காமல் எதற்கு அது? முதலில் சிகரெட்டை விடுங்கள் தம்பி. அதைவிடப் பெரிய தடுப்பு எந்த அட்டையிலும் கிடையாது.

ஒரத்தநாடு
அக்கா, மாத்திரையை இன்றே நிறுத்துகிறேன். சிகரெட் கஷ்டம், ஆனால் முயற்சி செய்கிறேன். உண்மையாகவே.

தலைஞாயிறு
தடுத்ததாக ஒன்றே ஒன்று படித்தேன். ஆஸ்திரேலியாவில் நிகோடினமைடு, அதாவது பி3யின் ஒரு வடிவம். தோல் புற்றுநோய் ஏற்கெனவே வந்த 386 பேர், தினம் 500 மி.கி. இரண்டு வேளை, ஒரு வருஷம். புதிய தோல் புற்றுநோய் 23 சதவீதம் குறைந்தது, நிறுத்தியதும் அந்தப் பலன் போய்விட்டது. மெலனோமா என்ற கடுமையான தோல் புற்றுநோய் அல்லாத வகைக்கு மட்டும். 2015இல் வந்தது. வெள்ளைத் தோலும் கடும் வெயிலும் சேர்ந்த நாட்டின் பிரச்சினை அது, நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது.

ஹரித்ராநதி
நம் ஊருக்குப் பொருத்த வேண்டியது வாய்ப் புற்றுநோய். கும்பகோணம் வெற்றிலைக்குப் பேர்போன மண் இது, கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் வெற்றிலை பாக்கு வேண்டும். ஆனால் புகையிலையும் சரி, பாக்கும் சரி, இரண்டுமே புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாகச் சொல்லிவிட்டது. கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குகிறவருக்கு வாய்ப்புண் வந்தால், பி காம்ப்ளக்ஸ் கொடு என்று கடைக்கு வருவார்கள். பி2 குறைந்தாலும் வாய்ப்புண் வரும், உண்மைதான். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணுக்கு நான் மாத்திரை கொடுக்க மாட்டேன், வாயைத் திறந்து டாக்டரிடம் காட்டு என்று அனுப்பிவிடுவேன். அப்படி அனுப்பியவர்களில் மூன்று பேருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்து பிழைத்துக்கொண்டார்கள்.

கீழவீதி
பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அது உண்மையா? நாங்கள் சுத்த சைவம். மூன்று தலைமுறையாக மண்பானையில்தான் பழையது.

கமலாலயம்
பழையது நல்ல சாப்பாடு சார், புளிப்பதால் வேறு சில பி சத்து கூடும். பி12க்கு மட்டும் அதை நம்ப முடியாது. செடி கொடியில் பி12 கிடையாது, இட்லி மாவு புளிப்பிலும் நம்பும்படி எதுவும் இல்லை. பழையதில் ஊற்றும் தயிரில்தான் உண்டு. சைவம் என்றால் பாலும் தயிரும் தினம் வேண்டும், 50 வயது தாண்டியவர்கள் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வது நல்லது. கல்லீரலில் இருப்பு பல வருஷம் தாங்குவதால் குறைவு மெதுவாகத்தான் வெளியே தெரியும். அதற்குள் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் சரியாகத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். இதை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டாறு
புழுங்கலரிசியை விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்லணும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடும், அப்புறம் தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். பச்சரிசியைப் பளபளவென்று தீட்டினால் எல்லாம் தவிட்டோடு போகும். ஜாவாவில் ஐக்மான் என்ற டச்சு டாக்டர் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் மடங்கி விழுந்ததைப் பார்த்துத்தான் இந்த வைட்டமின் கதையே ஆரம்பம், 1929இல் நோபல் பரிசு வாங்கினார். கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள். எங்கள் அம்மா வடிகஞ்சியில் உப்புப் போட்டு முதல் டம்ளரை எனக்குத்தான் கொடுப்பார்.

அரசலாற்றங்கரை
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்கணும்.

மறுநாளே கூட்டிப்போனோம். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கேப்சிடபினை நிறுத்தி, கை ஆறிய பிறகு அளவைக் குறைத்து ஆரம்பித்திருக்கிறார்கள். சத்து மாத்திரை அட்டையை டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, மருந்தே இப்படிச் செய்யும், ஆனால் இதுவும் சேர்ந்து கூட்டியிருக்கலாம், இனி எதுவானாலும் என்னிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள் என்றார். திட்டவில்லை. கை கால் தோலுக்கு பி6 கொடுப்பார்களாமே என்று கேட்டேன். பல இடத்தில் கொடுத்துப் பார்த்தார்கள், சோதனைகளில் பெரிதாகத் தடுக்கவில்லை, அதைவிடக் களிம்பு மேல் என்று எழுதிக்கொடுத்தார். வாங்கிப் பார்த்தால் யூரியா கலந்த களிம்பு. வெட்டாறு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. தினம் மூன்று வேளை நான்தான் தடவிவிடுகிறேன். கைரேகையே அழிந்துபோயிருந்த இடத்தில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக வருகிறது.

கமலாலயம் தங்கச்சி சொன்னபடி பி12 கேட்டுப் பார்த்தோம். 148. குறைந்தது 200 இருக்க வேண்டுமாம். கால் எரிகிறது என்று அப்பா ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், சர்க்கரையால் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். இப்போது பி12 மட்டும் தனியாக ஊசி போடுகிறார்கள், ஃபோலிக் அமிலம் சேராதது. காம்ப்ளக்ஸ் என்று எதுவும் வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதிவிட்டார்.

கமலாலயம்
அக்கா, ரொம்ப சந்தோஷம். எம்.சி.வி. எவ்வளவு வந்தது?

அரசலாற்றங்கரை
109. இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கேப்சிடபினும் கொஞ்சம் ஏற்றிக் காட்டுமாம், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்றார்.

மாமாவும் நேற்று வந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் ரொம்ப நேரம் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, மீன் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டியா என்றார். கேட்டிருந்தேன், கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். இன்று காலை நாகப்பட்டினத்திலிருந்து மத்தி வாங்கிக்கொண்டு மறுபடி வந்துவிட்டார். அம்மா காரம் குறைத்துக் குழம்பு வைத்தார். அப்பா ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டார்.